மையும் மணியும் தைலமும்



சென்ற கிழமை இதே நேரத்தில் பண்டைய எகிப்தியரின் வாசனைத் தைலங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியிருந்தேன். அதைக் கேட்ட சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். நல்ல தமிழ், ஒளிவு மறைவில்லாத எழுத்து. இலக்கிய நிகழ்ச்சி என்று ஆவலோடு வானொலிப் பெட்டியைத் திருகினால் அரசிகளின் பூச்சையும் நகையையும் பற்றியல்லவா பேசுகிறீர்கள், அரண்மனைச் சிங்காரத்தால் எங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டிருக்கிறார்.

கேள்வி நியாயமானது. தவறும் என்னுடையதுதான். கிளியோபாத்ராவில் தொடங்கிக் கிளியோபாத்ராவிலேயே முடித்துவிட்டேன். இந்த விஷயத்தைப் பேசப் புகுகிறவர்கள் பலரும் செய்கிற பிழை அது. நூதனசாலைகளில் பழைய நகைகளும் மைச்சிமிழ்களும் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிகளைப் பாருங்கள். இன்ன அரசனுடையது, இன்ன அரசியுடையது என்று எழுதியிருக்கும். உடையவர் பெயர் இருக்கும்; துளைத்தவர், அரைத்தவர், காய்ச்சியவர், களவெடுத்தவர் பெயர் இராது. ஆயினும் அவர்களும் தங்கள் அடையாளத்தை அந்தப் பொருள்களில் விட்டுத்தான் போயிருக்கிறார்கள். சகோதரியின் கேள்விக்குப் பதிலாக, இன்று அவர்களில் சிலரைத் தேடிப் போவோம்.

முதலில் மெசொப்பொத்தேமியா. தென் ஈராக்கில் யூப்பிரட்டீஸ் நதியை அடுத்து ஊர் என்றொரு நகரம் இருந்தது. ஆம், ஊர் என்பதே அந்த ஊரின் பெயர். நமது காதுக்கு வேடிக்கையாக இருக்கும். அதற்குமேல் எதையும் அதிலே தேட வேண்டாம். பின்னாளில் சேர் பட்டம் பெற்ற லெனார்ட் வூலி 1922இல் அங்கே அகழ்வைத் தொடங்கி 1934 வரை நடத்தினார். பிரித்தானிய நூதனசாலையும் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையும் சேர்ந்து செய்த வேலை. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட அரச மயானம் ஒன்று அங்கே வெளிப்பட்டது.

அந்த மயானத்தில் புவாபி என்ற அரசியின் சமாதிதான் உலகப் புகழ் பெற்றது. பொன்னால் செய்த இலைகள் அடுக்கடுக்காகத் தொங்கும் தலையணி, பொற்பூக்கள் வைத்த பெரிய சீப்பு, தோளிலிருந்து இடைவரை உடலைப் போர்த்திய மணிச்சரங்கள் எல்லாம் அதிலே கிடைத்தன. அரசியைப் பற்றி இவ்வளவு போதும். என் மனம் அவளிடத்தில் நிற்கவில்லை. அதே மயானத்தில் வூலி கண்டெடுத்த இன்னொரு குழியில்தான் நிற்கிறது. மாபெரும் சாவுக்குழி என்று அவர் அதற்குப் பெயரிட்டார். அதற்குள் 74 பேர் கிடந்தார்கள். அவர்களில் 68 பேர் பெண்கள். வரிசை வரிசையாக, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தாற்போல, எல்லோரும் அணிகலன்களோடு கிடந்தார்கள். தலைவனோ தலைவியோ ஒருவர் இறந்தபோது பரிவாரமாகக் கூட அனுப்பப்பட்டவர்கள். அவர்களுடைய பெயர் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை.

அந்தப் பெண்களுள் 28 பேர் தலைமுடியில் பொன் நாடா கட்டியிருந்தார்கள். வேறு பலர் கட்டியிருந்தது வெள்ளி நாடா. வெள்ளி மண்ணுக்குள் தாங்காது, அரித்துப் பொடியாகிவிடும். தலையோட்டின்மேல் ஊதா நிறக் கறையாகவே பல நாடாக்கள் எஞ்சியிருந்தன. ஆனால் ஒரு பெண்ணின் தலையில் பொன்னும் இல்லை, வெள்ளிக் கறையும் இல்லை. அவளது இடுப்பருகே ஒரு சிறிய வட்டமான பொருள் கிடந்தது. சுத்தம் செய்து பார்த்தபோது அது வெள்ளி நாடா. கடைச்சரக்குப் போல இறுக்கமாகச் சுருட்டியபடி, ஆடைக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. சுருளாக இருந்ததனாலேயே அது அழியாமல் தப்பியது.

வூலி நல்ல கதைசொல்லி. அந்தப் பெண் சடங்குக்குப் பிந்தி வந்திருப்பாள், அவசரத்தில் நாடாவைக் கட்ட நேரம் கிடைத்திராது, சட்டைப்பைக்குள் போட்டபடியே ஓடிவந்திருப்பாள் என்று எழுதினார். அவரது நூலைப் படித்த நாளிலிருந்து எனக்கு அவள் தெரிந்த ஒரு பிள்ளையைப் போலவே ஆகிவிட்டாள். பள்ளிக்கூட மணி அடித்துவிட்டதென்று றிபனைக் கையில் பிடித்தபடி ஓடுகிற பிள்ளைகளை நாம் பார்த்ததில்லையா?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இவர்கள் தாமாகவே விரும்பி வந்து, கிண்ணத்தில் நஞ்சைக் குடித்து, அமைதியாகப் படுத்து உறங்கிப் போனார்கள் என்பது வூலியின் கருத்து. பல்லாண்டுகளாகப் பாடநூல்களும் அதையே ஒப்பித்தன. பென்சில்வேனியாவுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்த இரண்டு மண்டையோடுகளைப் பிற்காலத்தில் ஊடுகதிர்க் கருவியால் ஆராய்ந்தார்கள். ஒன்று இந்தச் சாவுக்குழிப் பெண் ஒருத்தியுடையது. மற்றையது இன்னொரு சமாதியில் கிடந்த போர்வீரனுடையது. 2011இல் முடிவு வெளியாயிற்று. இரண்டிலும், கூர்நுனியுள்ள ஏதோ ஆயுதத்தால் ஓங்கி அடித்த துளைகள் இருந்தன. அத்தோடு, உடல்கள் அழுகாதிருக்கும்படி சூடுகாட்டப்பட்டு, பாதரசம் கலந்த பொருளால் பதப்படுத்தப்பட்டதற்கான அடையாளமும் இருந்தது. கொன்று, பதப்படுத்தி, அதன்பிறகே உடுத்தி, நகை பூட்டி வரிசையில் கிடத்தியிருக்கிறார்கள் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

அப்படியானால் அந்த வெள்ளி நாடாவின் கதையும் மாறிவிடுகிறதே! பிந்தி வந்தவள் அவளாக இருக்க வேண்டியதில்லை. 68 பெண்களுக்கும் நகை பூட்டிக்கொண்டு வந்த யாரோ ஒரு பணியாளின் கை ஒரு தலையைத் தவறவிட்டிருக்கலாம். அல்லது அவள் உயிரோடிருந்த நாளில் தானே சுருட்டி வைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம். நகை என்றால் மகிழ்ச்சியின் சின்னம் என்று பேசுகிறவர்கள் இந்தக் குழியை ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும். அங்கே பொன் பூட்டியது யாருடைய மகிழ்ச்சிக்காக?

அவர்கள் அணிந்திருந்த கற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென் ஈராக் வண்டல் மண் பூமி. கல்லும் இல்லை, உலோகமும் இல்லை. கழுத்தணிகளிலுள்ள லாப்பிஸ் லசூலி என்னும் கருநீலக் கல் ஆப்கானிஸ்தானின் படக்சான் மலைகளிலிருந்து வந்தது. நீண்டு சிவந்த கார்னீலியன் மணிகள், அதாவது சூதுபவள மணிகள், சிந்துவெளியிலிருந்து வந்தன. அந்த மணிகளைச் செய்த பட்டறைகள் சன்குதாரோவில் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. ஜொனதன் மார்க் கெனோயர் என்ற அமெரிக்க அறிஞர் அவற்றை வெறுமனே பார்த்துப் படம் வரைந்ததோடு நிற்கவில்லை. அதேவகைக் கல்லூசியை வில்துறப்பணத்தில் பூட்டித் தாமே துளையிட்டுப் பார்த்தார். ஒரு மணித்தியாலத்தில் துளை இறங்கியது 2.5 மில்லிமீற்றர்தான். ஒரு நீண்ட மணியைத் துளைத்து முடிக்கப் பல நாட்கள் செல்லும். அத்தகைய 36 மணிகள் கோத்த ஓர் இடையணியைச் செய்து முடிக்க 480 வேலை நாட்களுக்கு மேல் பிடிக்கும் என்று கணக்கிட்டார். ஒன்றரை வருடம் ஒரு மனிதன் குந்தியிருந்து துளைத்தால் ஓர் அரசியின் இடுப்புக்கு ஒரு சுற்று.

இந்த இடத்தில் நம்மவர் சிலர் எழுந்து, சிந்துவெளி மணியும் எமது, எகிப்தின் மணமும் எமது என்று உரிமை கொண்டாடத் தொடங்குவார்கள். அந்த வழக்கை நான் எடுக்கப்போவதில்லை. உறுதியான சான்று வேண்டுமென்றால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இறங்கி வரவேண்டும். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரசு ஆவணம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது, 1985இல் பதிப்பிக்கப்பட்டது. சேர நாட்டு முசிறியிலிருந்து எகிப்துக்குச் சென்ற ஹெர்மப்பொலோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு அது. யானைத் தந்தத்தோடு 60 பெட்டி கங்கைச் சடாமாஞ்சிலும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. ரோமாபுரித் தைலக்காரர் உயிரைக் கொடுத்து வாங்கிய வேர் அது. இமயச் சாரலில் விளைந்து முசிறியில் கப்பலேறியிருக்கிறது.

இனி எகிப்துக்குப் போவோம். எகிப்தின் மிகப் பழைய அரச ஆவணங்களுள் ஒன்று எதன்மேல் செதுக்கப்பட்டிருக்கிறது தெரியுமா? மை அரைக்கும் கற்பலகையின்மேல்! கி.மு. 3100 அளவில் வாழ்ந்த நார்மெர் என்ற அரசனின் வெற்றியைக் காட்டும் அந்தப் பலகை 1898இல் கிடைத்தது. அரசன் பகைவனை மயிரைப் பிடித்து அடிக்கிறான். மேலே அவன் பெயர் சித்திர எழுத்தில் இருக்கிறது. மறுபக்கத்தில், நடுவிலே, மை அரைப்பதற்கான வட்டக் குழி. கோயிலில் வைப்பதற்காகச் செய்த பெரிய பலகைதான். ஆனால் அதன் வடிவம் அடுப்படியிலும் முற்றத்திலும் சாதாரண மக்கள் பச்சைச் செப்புக்கல்லை அரைத்துக் கண்ணுக்கிட்ட சிறு பலகைகளிலிருந்து வந்தது. அத்தகைய சிறு பலகைகள் நார்மெருக்கு முற்பட்ட எளிய புதைகுழிகளிலும் கிடைக்கின்றன. இலக்கிய நிகழ்ச்சியில் மைக்கு என்ன வேலை என்று கேட்ட சகோதரிக்கு இதையும் சொல்லி வைக்கிறேன்.

பச்சை மைக்குப் பின்னர் கறுப்பு மை ஓங்கியது. கலேனா என்னும் ஈயக்கல்லை அரைத்துக் கொழுப்பில் குழைத்தது. ஆண், பெண், குழந்தை எல்லோரும் இட்டார்கள். கண்நோய்க்கு மருந்தென்றும் நம்பினார்கள். என் அம்மம்மா ஆமணக்கெண்ணெய் விளக்கின்மேல் சட்டியைக் கவிழ்த்துப் புகைக்கரி பிடித்து மை கூட்டுவார். கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார். பள்ளியில் விஞ்ஞானம் படித்த நாங்கள் சிரிப்போம். 1999இல் பரிஸ் லூவர் நூதனசாலையின் எகிப்திய மைச்சிமிழ்களை ஆராய்ந்தவர்கள் ஒரு புதுமையைக் கண்டார்கள். அந்த மையில், இயற்கையில் மிக அரிதான இரண்டு ஈயக் குளோரைட்டுச் சேர்வைகள் கலந்திருந்தன. அவை தற்செயலாகச் சேர்ந்தவையல்ல. உப்பும் நீரும் சேர்த்து, வடித்து, மீண்டும் சேர்த்து, கிழமைக்கணக்காகச் செய்தால்தான் உண்டாகும். 2010இல் இன்னோர் ஆய்வு வெளிவந்தது. அந்தச் சேர்வை மிகச் சிறிய அளவில் தோலின் கலங்களில் நைத்திரிக் ஒட்சைட்டைப் பெருகச் செய்கிறது. அதனால் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் கூடுகிறது என்று காட்டியது.

உடனே அம்மம்மா வென்றார் என்று நான் கொண்டாட முடியாது. அவருடையது கரி மை, ஈயமே இல்லை. ஈயம் நஞ்சு. இன்றும் ஈயம் கலந்த சுறுமாவைக் குழந்தைகளுக்கு இடவேண்டாம் என்று வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். என்னை வியக்கவைப்பது மருந்துக் குணம்கூட அல்ல. கிழமைக்கணக்காக நாளும் உப்பு நீர் மாற்றி வடித்துக்கொண்டிருந்த அந்தக் கைகளின் பொறுமைதான்.

எகிப்தியச் சுவரோவியங்களில் விருந்தில் அமர்ந்திருப்போரின் தலையில் வெள்ளைக் கூம்பு ஒன்று இருக்கும். வாசனைக் கொழுப்பு, வெப்பத்தில் உருகி வழியும் என்றார்கள் சிலர். அப்படி ஒன்று இருந்ததேயில்லை, ஓவியனின் குறியீடு என்றார்கள் வேறு சிலர். நூறு ஆண்டுகளாக அகழ்ந்தும் ஒரு கூம்புகூடக் கிடைக்காததால் இரண்டாமவர்கள் கட்சி பலமாக இருந்தது. கடைசியில் அமர்னாவில் இரண்டு கூம்புகள் கிடைத்தன. செய்தி 2019இல் வெளியானது. கிடைத்தது எந்தப் பிரபுவின் சமாதியிலும் அல்ல. உழைத்துத் தேய்ந்த எளிய மக்களின் மயானத்தில். ஒன்று இருபது வயதைக் கடந்த ஒரு பெண்ணின் தலையில் இருந்தது. பரிசோதித்தபோது மெழுகு என்று தெரிந்தது, பெரும்பாலும் தேன்மெழுகு. வாசனைப் பொருளின் தடயம் அதிலே அகப்படவில்லை. சீமாட்டிகளின் தலையில் மணம் கமழ்ந்ததோ என்னவோ, இவளுக்கு வெறும் மெழுகாவது இருக்கட்டும் என்று வீட்டார் வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

தைலம் அவர்களுக்கு ஆடம்பரமாக இருந்ததா? பாலைவன வெயிலில் தோல் வெடிக்கும். நல்லெண்ணெய், கொழுப்பு, முருங்கை இனத்து விதையெண்ணெய் என்று எதையாவது பூசாமல் வெளியில் வேலை செய்ய முடியாது. அதற்குச் சான்று ரூறின் நகரத்திலுள்ள ஒரு பாப்பிரசு. மூன்றாம் ராம்செஸ் அரசாண்ட 29ஆம் வருடம், கி.மு. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து சித்திரம் தீட்டிய தொழிலாளர் தெயிர் எல் மெதினா என்ற கிராமத்தில் வாழ்ந்தார்கள். அவர்களுக்குரிய படி வராமல் நாட்கள் கடந்தன. கருவிகளை வைத்துவிட்டு, காவலரைத் தாண்டி நடந்துபோய், கோயில் மதிலருகே குந்திவிட்டார்கள். எழுத்தில் பதிவான மிகப் பழைய வேலைநிறுத்தம் அது. பசியாலும் தாகத்தாலும் வந்தோம் என்று முறையிட்டவர்கள், இல்லாதவற்றை அடுக்கினார்கள்: உடை இல்லை, பூசத் தைலம் இல்லை, மீன் இல்லை, மரக்கறி இல்லை. தைலம் எந்த இடத்தில் நிற்கிறது, பாருங்கள். உடைக்கும் மீனுக்கும் நடுவில்!

தைலம் காய்ச்சியவர்களுள் ஒருவருடைய பெயர் மட்டும் அருமையாகத் தப்பியிருக்கிறது. அவர் எகிப்தியரல்லர்; அசீரியர். ஏறத்தாழ கி.மு. 1200 அளவிலான களிமண் பலகைகளில் வாசனைத் தைலச் செய்முறைகள் எழுதப்பட்டிருக்கின்றன. பூவை ஊறவைப்பது, வெள்ளைப்போளம் சேர்ப்பது, வாசனைப் புல்லைக் கூட்டுவது, இரவு முழுதும் விட்டு விடியலில் வடிப்பது, வடித்ததை மீண்டும் காய்ச்சுவது என்று நமது வைத்தியச் சுவடிகளைப் போலவே படிப்படியாகச் செல்கின்றன. அவற்றோடு தப்பூத்தி என்ற பெண்ணின் பெயர் வருகிறது. அரண்மனையில் தைலக்காரர்களுக்கு மேலாளராக இருந்தவர். உலகில் பெயர் தெரிந்த முதல் இரசாயனவியலாளர் இவரே என்று இன்று பலர் எழுதுகிறார்கள். அந்தப் பட்டம் சற்று மிகை என்பது என் எண்ணம். ஆனால் கொடுத்துவிட்டுப் போகட்டும். அவரோடு இன்னொரு பெண்ணின் பெயரும் இருந்திருக்கிறது. பலகை அந்த இடத்தில் உடைந்துவிட்டது. பெயரின் வாற்பகுதி, ‘நினு’ என்ற இரண்டெழுத்து, அவ்வளவுதான் மிச்சம்.

கடைசியாக, கள்வர்கள். 1922 நவம்பரில் ஹவார்ட் கார்ட்டர் துட்டன்காமன் என்ற இளம் அரசனின் கல்லறையைத் திறந்தார். கி.மு. 1323 அளவில் இறந்தவன். உள்ளே குவிந்திருந்த பொன்னை உலகமே வாய்பிளந்து பார்த்தது. ஆனால் தமக்கு முன்னரே அங்கு ஆள் வந்து போயிருப்பதைக் கார்ட்டர் கண்டுகொண்டார். ஒருமுறையல்ல, இருமுறை, அரசனை அடக்கம் செய்து அதிக காலம் செல்லுமுன்னரே. முதலில் வந்தவர்கள் உலோகத்தைத் தேடினார்கள். மறுபடி வந்தவர்கள் தேடியது தைலத்தை. சில நூறு லீற்றர் தைலம் கற்சாடிகளில் இருந்திருக்கிறது. மூடிகளை நெம்பியெறிந்து, சாடிகள் கனமென்பதால் தைலத்தை மட்டும் தோற்பைகளில் அள்ளிச் சென்றிருக்கிறார்கள்.

பொன்னால் செய்த பொருளில் அரசனின் பெயர் இருக்கும், அகப்பட்டால் கழுமரம். தைலத்தில் யார் பெயரைப் பொறிக்க முடியும்? சந்தைக்குப் போனால் அது வெறும் தைலம். விலையோ பொன்னுக்கு ஈடு. கள்வர்கள் கணக்குத் தெரிந்தவர்கள்.

முன்னறையில் ஒரு பெட்டிக்குள் பொன் மோதிரங்கள் சில, துணியில் முடிந்தபடி கிடந்தன. யாரோ முடிந்து எடுத்துப்போகும் வேளையில் காவலர் வந்திருக்க வேண்டும். சந்தைக்குப் போகிற நம் பெண்கள் காசை முந்தானையில் முடிவது போன்ற அதே முடிச்சுத்தான். படத்தில் பார்த்தபோது எனக்கு என் தாயாரின் ஞாபகம் வந்தது. அடகு மீட்ட காப்பை அவர் அப்படித்தான் முடிந்துகொண்டு வருவார், வீடு வரும்வரை கையை அதிலிருந்து எடுக்கமாட்டார்.

எஞ்சியிருந்த தைலத்தில் சிறிதை இரண்டு பிரித்தானிய இரசாயனவியலாளர் 1926இல் பரிசோதித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மிருகக் கொழுப்பு. பத்துப் பங்கு ஏதோ ஒரு பிசின். மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் மெல்லிய மணம் ஒன்று அதிலே இருந்தது. தேங்காயெண்ணெய் போன்ற மணம் என்று அவர்கள் குறித்து வைத்தார்கள். தேங்காய் அதில் இல்லை. பழைய கொழுப்பு மாறிமாறி அந்த மணத்துக்கு வந்திருக்கிறது.

காலியான சாடிகளுள் ஒன்றின் உட்சுவரில், ஒட்டியிருந்த தைலத்தில், ஒரு கள்வனின் விரல்கள் அள்ளிய தடம் அப்படியே பதிந்திருந்ததாகக் கார்ட்டர் எழுதியிருக்கிறார். அடிவரை வழித்தெடுக்கப் பார்த்திருக்கிறான்.

கடிதம் எழுதிய சகோதரி மருதாணியைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். நேரம் முடிந்துவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். அதை அடுத்த கிழமை பார்ப்போம்.